அமைச்சர் தலைக்கு எட்டாத கோடு

முன்னொரு காலத்தில் செங்காட்டுச் சீமையை மகுடேசுவரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு கிறுக்குப் பிடித்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

அவருடைய அமைச்சர் அனந்தப்பர் உயரம் குறைந்தவர். மற்றவர்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவார். அவையில் ராஜாவைத் தவிர ஆசனம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அதுவும் பழைய அமைச்சரின் அளவுக்குச் செய்தது. தாவி ஏறித்தான் உட்காருவார். உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். கெட்டவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நல்லவர்கள், "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று தேற்றுவார்கள். ஒரு மனிதரைப் பார்த்ததும் கடுகு ஏன் ஞாபகம் வரவேண்டும்? அவர் என்ன தாளிக்கிற சாமானா?

ஒருமுறை பக்கத்து நாட்டு விருந்துக்குப் போன ராஜா, அங்கே அவையினர் பாக்குமரம் மாதிரி நிற்பதைக் கண்டு சொக்கிப்போய்த் திரும்பினார். இதற்காகவே காத்திருந்தார் தளவாய் உத்தண்டராயர். நல்ல நெட்டை ஆள். அமைச்சர் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், மகாராஜா? இந்தத் தூணில் ஒரு கோடு போடுவோம். கோட்டுக்குத் தலை எட்டாதவருக்கு அவையில் இடமில்லை. எட்டுகிறவர்களில் நெட்டையானவர் அமைச்சர்."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை அளப்பது என்று முடிவானது.

அந்த வாரம் ராஜாவுக்குப் பல்வலி வேறு. இடது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அவையில் ஒருவரும் கேட்கவும் இல்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் குழைந்த கஞ்சியும் கிராம்புத் தைலமும் தானாக வந்தன. சமையற்காரன் கெட்டிக்காரன் என்று ராஜா நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அனந்தப்பருக்குச் சோறு இறங்கவில்லை. பதவி போவதைவிட, உயரத்துக்காகப் போகிறதே என்பதுதான் சுட்டது.

"உயரமா ஒரு பாதக்குறடு செய்யச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி சௌந்தரம்.

"வேண்டாம். ஒரு நாள் போட்டால் ஆயுசுக்கும் கழற்ற முடியாது. அளக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவை கூடியது. அனந்தப்பர் எழுந்து, "மகாராஜா, ஒரே விண்ணப்பம். தங்கள் சமுகத்தில், அவை வழக்கம் வழுவாமல் அளக்க வேண்டும்" என்றார்.

"வேறெப்படி அளப்பார்கள்? உத்தண்டராயரே, முதலில் நீர் வாரும்."

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. நிற்பவர் தலை, அமர்ந்திருக்கும் அரசரின் தோளுக்கு மேலே போகக் கூடாது. போனால் ராஜ நிந்தனை. உத்தண்டராயர் மேல்துண்டை இடுப்பில் கட்டி, வாய் பொத்தி, வளைந்து, தரையைப் பார்த்தபடியே தூணருகே வந்தார். கோடு எங்கோ மேலே இருந்தது.

"நிமிரும் ஐயா" என்றார் அளவுகோல்காரர்.

"நிமிர்ந்தால் தலை போய்விடுமே" என்றார் உத்தண்டராயர், தரையிடம்.

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. ஒருவர் தலையும் கோட்டுப்பக்கம் போகவில்லை. கடைசியாக அனந்தப்பர் போய் நிமிர்ந்து நின்றார். அப்போதும் அவர் தலை ராஜாவின் தோளைத் தாண்டவில்லை.

"எனக்கும் எட்டவில்லை, மகாராஜா. சட்டப்படி எல்லாரும் வீட்டுக்குப் போகிறோம்."

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சாமர்த்தியம் சரி. நீர் நிமிர்ந்து நிற்பதால் எனக்கு என்ன லாபம்?"

"இன்றைக்குத் தங்கள் திருமுகம் எப்படி இருக்கிறது என்று தளவாயைக் கேளுங்கள்."

உத்தண்டராயர் குனிந்தபடியே மடை திறந்தார். "கேட்கவும் வேண்டுமா? பூரண சந்திரன். இரண்டு கன்னமும் எடைபோட்டு வைத்த தாமரை."

ராஜாவின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. சாமரம் வீசுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"அவர்மேல் குற்றமில்லை. அவருக்குத் தங்கள் பாதத்தைத்தான் தெரியும்" என்றார் அனந்தப்பர். "வீக்கம் நேற்றைக்கு இன்று தேவலை. கிராம்புத் தைலத்தை நிறுத்த வேண்டாம்."

"கஞ்சி அனுப்பியது நீரா?"

"முகத்தைப் பார்த்தேன், மகாராஜா."

இவ்வளவு பேர் சூழ இருந்தும் தன்னை ஒருவர்தான் பார்த்திருக்கிறார் என்பது ராஜாவின் நெஞ்சைத் தொட்டது. "இனி இந்த அவையில் யாரும் வளைய வேண்டாம். எல்லாரும் நிமிருங்கள்" என்றார்.

முதுகெலும்புகள் படபடவென்று நெட்டி முறித்தன. உத்தண்டராயர் முதல்முறையாக ராஜாவை நேராகப் பார்த்தார்.

"மகாராஜா, மீசை எப்போது நரைத்தது?" என்று கேட்டேவிட்டார்.

"நீர் என் அமைச்சராக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தபோது" என்றார் ராஜா. "அந்தக் கோட்டில் ஆணி அடித்து ஒரு விளக்கு மாட்டுங்கள். தினமும் எண்ணெய் ஊற்றுவது உம்முடைய வேலை. உமக்குத்தான் எட்டும்."

பிறகு அனந்தப்பரைப் பார்த்து, "உமக்கு என்ன வேண்டும்? ஊரா, யானையா?" என்று கேட்டார்.

"யானை மேல் ஏற ஏணியும் வேண்டும், மகாராஜா. கால் தரையில் படுகிற மாதிரி ஓர் ஆசனம் போதும்."

தச்சன் அடுத்த வாரமே செய்து கொடுத்தான். அனந்தப்பர் தாவாமல், எல்லாரையும்போலப் போய் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அன்றைக்கு அவையில் யாரும் சிரிக்கவில்லை.