ஆறாம் மணியில் அமைதியான நாற்பத்தாறு

அன்று சனிக்கிழமை. ஆய்வகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பேராசிரியர் மெஹருன்னிசா, வயது நாற்பத்தொன்று. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த தவசிமுத்து, வயது ஐம்பத்து மூன்று, கல்லூரி ஒன்றில் கணிப்பொறிப் பாடம் நடத்துபவர். புரதங்களை அளக்கும் கருவியை ஓட்டும் லூர்துசாமி. கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த மாணவி இளவேனில். வரவேண்டியவர்கள் ஏழு பேர். மூன்று பேர் வரவில்லை.

தவசிமுத்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஐந்து நாள் வகுப்பு, ஆறாம் நாள் ஆய்வு என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்த பதிவு இன்னும் பதினொரு நாளில் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எட்டு வருஷமும் வீண். ஆய்வேட்டை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முடித்தே கொண்டுவந்திருந்தார். பேராசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“சுருக்கமா சொல்லுங்க சார். என்ன கண்டீங்க?” என்றார் மெஹருன்னிசா.

“மருந்து கொடுத்த செல்லில் ஆயிரத்து எண்ணூத்து நாற்பது புரதத்தை மணிக்கு மணி பார்த்தோம் மேடம். அதில் நாற்பத்தாறு மட்டும் மருந்து போட்ட ஆறாம் மணியில் ஒண்ணா அளவு இறங்கி அமைதியாயிடுது. பன்னிரண்டு சாம்பிளிலும் அப்படித்தான். பேசி வச்ச மாதிரி.”

“ஏன்?”

“ஏதோ ஒண்ணு அத்தனைக்கும் சேர்த்துக் கட்டளை போடுது. அதுதான் என் கடைசி அத்தியாயம்.”

லூர்துசாமி கருவியின் பின்னாலிருந்து சொன்னார். “நாற்பத்தாறு பேர் ஒண்ணா வாயை மூடுறாங்களா? எங்க தெருச் சங்கத்துல நாலு பேரை மூடவைக்க முடியலை.”

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. எழுந்து, ஆணியில் தொங்கிய வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து தவசிமுத்துவின் முன் விரித்தார்.

“இன்னைக்கு யார் யார் வரலை?”

“ஹரிணி, டேனியல், சுப்புலட்சுமி.”

“மூணு பேருக்கு எதிரேயும் ‘தூங்குகிறார்’னு எழுதுங்க.”

தவசிமுத்து பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“தூங்குறாங்கன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?”

“கட்டம் காலியா இருக்கே.”

“காலியாவே இருக்கட்டும். இருபத்தேழு வருஷமா ரெஜிஸ்டர் எழுதுறேன். தெரியாததை எழுதினதில்லை.”

இளவேனில் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டுத் திரும்பினாள். “டேனியல் அண்ணன் அவங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார் சார். ஹரிணி அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. சுப்புலட்சுமி அக்கா ஏன் வரலைன்னு தெரியலை.”

மெஹருன்னிசா பதிவேட்டை மூடினார். தவசிமுத்துவின் கணிப்பொறியைத் தன் பக்கம் திருப்பி, நாற்பத்தாறு புரதங்களின் அட்டவணையைத் திறந்தார். பன்னிரண்டு சாம்பிளுக்கும் சேர்த்து ஆறாம் மணிக்கு உரிய கட்டங்கள் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. அவற்றில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் ஒரே எண் இருந்தது. 0.01.

“இது யார் கொடுத்த எண் சார்?”

தவசிமுத்து திரைப் பக்கம் குனிந்தார்.

“நான்தான் மேடம். கருவி எண் தராத கட்டம் அதெல்லாம். காலியா விட்டா ப்ரோகிராம் நின்னுடும். இருக்கிறதிலேயே சின்ன எண்ணைப் போட்டு நிரப்பச் சொல்லி ஒரு வரி எழுதினேன். இரண்டாம் வருஷத்தில். தற்காலிகமாத்தான்.”

“லூர்து, ஆறாம் மணி சாம்பிளை எப்ப ஓட்டுவீங்க?”

“எப்பவும் கடைசியாத்தான் மேடம். அதுக்குள்ள ஊசியில அழுக்குச் சேர்ந்துடும். மெஷினுக்குக் காது மந்தமாயிடும். அளவு கம்மியான புரதம் சன்னமா பேசும், அது எதுவும் கேட்காது.”

“சார்கிட்ட சொல்லலையா?”

“கேட்டாத்தானே சொல்றது? சார் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கினதே இல்லை.”

தவசிமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது. ஆய்வேட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மெஹருன்னிசா அவரை அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போடும் பேனாவை எடுக்கவும் இல்லை.

“நிரப்பினதை எடுத்துட்டு, கருவி தந்த எண்ணை மட்டும் வச்சு ஓட்டுறேன்” என்றார் கடைசியில்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை அழித்தார். காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும்படி வேறு நான்கு வரி எழுதினார். ப்ரோகிராம் முப்பத்தைந்து நிமிஷம் ஓடியது. இளவேனில் டீ கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை படிந்தது.

“இப்ப எத்தனை இறங்குது சார்?” என்றார் மெஹருன்னிசா.

“மூணு.”

லூர்துசாமி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “இந்த மூணும் அளவு அதிகம், பெருங்குரல் மேடம். மெஷின் எப்படி இருந்தாலும் கேட்கும். இது நிஜமாவே இறங்குது.”

“அப்ப அதை எழுதுங்க சார்.”

“மத்த நாற்பத்து மூணு?”

“தெரியலைன்னு எழுதுங்க.”

தவசிமுத்து கணிப்பொறியை மூடினார். பிறகு கேட்டார்.

“பதினொரு நாள்தான் இருக்கு மேடம். நாற்பத்து மூணு இடத்தில் தெரியாதுன்னு எழுதிக் கொண்டுபோனா பட்டம் கொடுப்பாங்களா?”

“தெரியாது சார்” என்றார் மெஹருன்னிசா.

தவசிமுத்து ஆய்வேட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். முதல் பக்கத்தைத் திறந்தார். தலைப்பில் இருந்த நாற்பத்தாறை அடித்துவிட்டு, மூன்று என்று போட்டார்.