ஒன்றரை மில்லி

"எல்லாம் சரியாத்தான் இருக்குங்க மேடம். பயம் மட்டும் போக மாட்டேங்குது," என்றார் அருளப்பன்.

ஷமீமா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனால் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"எதுக்குப் பயம்ண்ணா?"

நரம்பில் மருந்து ஏற்றும் கருவி. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்வது அவருடைய நிரல். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்னும் அரை மணியில் அதை ஓட்டப் போகிறார்கள்.

"அங்க கம்ப்யூட்டர் அவங்க பாஷையில இருக்குமே?"

"அதையும் மாத்திப் பார்த்துட்டேனுங்க. ரெண்டுன்னா ரெண்டு, பத்துன்னா பத்து. நூறு தடவை. ஒரு சொட்டு பிசகலை."

"எந்த வார்டு?"

அருளப்பன் ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த தாளைப் புரட்டினார். பச்சிளங் குழந்தைகள் பிரிவு.

"அந்தக் குழந்தைகளுக்கு எவ்வளவு?"

"மணிக்கு ஒன்றரை மில்லி. நிரலோட மருந்தளவுப் பட்டியல்ல போட்டிருக்கேன். ஒன்று, புள்ளி, அஞ்சு."

ஷமீமா மேசைமேல் இருந்த சோதனைக் கருவியில் தண்ணீர் நிரப்பினாள். குழாயின் நுனியைக் காலி டம்ளருக்குள் விட்டாள். கம்ப்யூட்டரை ஜெர்மன் மொழிக்கு மாற்றினாள்.

"அந்த ஒன்றரையை ஓட்டுங்க. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகணும்?"

"ரெண்டு நிமிஷம்."

"எண்ணுங்க."

முதல் சொட்டு விழுந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டு சொல்லும்போது அடுத்தது விழுந்தது.

கடிகாரம்தான் தப்பு என்று நினைத்தார். மறுபடி எண்ணினார். பன்னிரண்டு.

திரையைப் பார்த்தார். பதினைந்து என்று இருந்தது.

"நாம புள்ளி வைக்கிற இடத்துல அவங்க கமா வைப்பாங்க," என்றாள் ஷமீமா. "புள்ளி அவங்களுக்கு ஆயிரத்தைப் பிரிக்கத்தான். உங்க புள்ளியை அந்தக் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுருச்சு."

"நூறு தடவை பார்த்தேனே மேடம்..."

"நூறும் முழு எண்ணு. பெரியவங்களுக்கு மட்டும் பார்த்திருக்கீங்க."

அருளப்பன் ஜெர்மனி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. அங்கே ஒரு நர்ஸ் எடுத்தாள்.

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினார். "இன்னும் அரை மணி இருக்கு. தயவுசெய்து ஆரம்பிச்சுடாதீங்க."

"டாக்டர் சீக்கிரமே வந்துட்டார். மூணு குழந்தைக்கு ஓடிக்கிட்டிருக்கு," என்றாள் அவள். "எந்தக் குழந்தைக்கு நிறுத்தணும்?"

"மூணு பேருக்கும்."

போன் எதன்மேலோ விழுந்த சத்தம். அதன்பின் ஓடுகிற காலடிகள்.