கதவை உடைப்பதற்கு முன்

"நான் செஞ்சது கொலையா அம்மா?"

இன்ஸ்பெக்டர் உலகநாதன் உட்காரவில்லை. மலையடிவாரத்து மண்டபத்தில், தூணைப் பிடித்தபடி நின்றே கேட்டார்.

துறவி செண்பகத்தம்மை அவரைவிட வயதில் இளையவர். இருந்தும் பல வருஷமாக உலகநாதன் அம்மையைத்தான் குருவாக எண்ணி வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"என்ன நடந்தது?"

"சுடலைக்கண்ணுன்னு ஒருத்தன். புத்தி பேதலிச்சவன். பக்கத்து வீட்டுக்காரனைக் கையில வெட்டிட்டு, கோடாலியோட வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். பிடிக்கப் போனோம். கதவு திறந்ததும் பாய்ஞ்சு வந்தான். என் ஏட்டு கழுத்துக்கு நேரா ஓங்கினான். சுட்டேன்."

"ஏட்டு?"

"அவருக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"அவன்?"

"வாசப்படியிலயே போயிட்டான்."

"யோசிக்க நேரம் இருந்ததா?"

"கண் இமைக்கிற நேரம்கூட இல்லம்மா."

"சுடாம இருந்திருந்தா?"

"ஏட்டு செத்திருப்பார்."

"அப்ப, அந்த இடத்துல உங்களுக்கு வேற வழி இல்ல."

உலகநாதன் நீளமாக மூச்சு விட்டார். விசாரணை அதிகாரியும் இதையேதான் சொல்லியிருந்தார். அப்போது இறங்காத பாரம் இப்போது இறங்கிவிடும்போல இருந்தது. தூணடியில் உட்கார்ந்தார்.

"கதவு எப்படித் திறந்தது?"

"உடைச்சோம்."

"யார் உடைக்கச் சொன்னது?"

"நான்தான்."

"உள்ள வேற யாராவது மாட்டிக்கிட்டு இருந்தாங்களா?"

"இல்ல. அவன் மட்டும்தான்."

"பின்பக்கமா ஓடிருவானோன்னு பயந்தீங்களா?"

"பின்வாசலே கிடையாது."

"வெளிய?"

"ஊரே கூடி நின்னது. அவன் அக்காவும் நின்னா."

"அக்கா என்ன சொன்னா?"

குரங்கு ஒன்று மண்டபத்து விளிம்பில் வந்து உட்கார்ந்து, எதுவும் கிடைக்காமல் போய்விட்டது.

அம்மை காத்திருந்தார்.

"நேத்திலருந்து அவன் பட்டினி சார்னா. சோறு வடிச்சு ஜன்னல்ல வச்சா கோடாலியக் கீழ போட்டுட்டுத் திங்க வந்துருவான், எப்பவும் அப்படித்தான்னா. ஒரு உலை கொதிக்கிற நேரம் பொறுங்கன்னு கால்ல விழுந்தா."

"பொறுக்கலையா?"

"மேலிடத்துலருந்து போன் வந்துகிட்டே இருந்தது. கூட்டம் ஓட்டு மேல கல்லெறிய ஆரம்பிச்சது." அவர் குரல் தாழ்ந்தது. "ஒத்த ஆளுக்குப் பயந்து இத்தனை போலீஸ் நிக்குதேன்னு ஒருத்தன் சிரிச்சான்."

அம்மை எழுந்தார்.

மூலையில் இருந்த கல்லடுப்பில் சுள்ளியைப் பற்றவைத்தார். பானையில் தண்ணீர் ஊற்றி ஏற்றி, தட்டால் மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பேசாம இருங்க."

உலகநாதன் அடுப்பைப் பார்த்தார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுத்து அணைத்து வைத்தார்.

சுள்ளி பச்சை. புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. வெகுநேரமாக ஒன்றும் ஆகாததுபோல் இருந்தது. பிறகு பானைக்குள் தண்ணீர் முனக ஆரம்பித்தது. அவர் தலை குனிந்தது.

தண்ணீர் கொதித்துத் தட்டைத் தள்ளியபோது அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவு நேரம்தானா அந்தம்மா கேட்டது?"

அம்மை சுள்ளிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

உலகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"அவன் அக்கா வீட்டுக்குப் போங்க. காக்கிச் சட்டை வேண்டாம். தனியா போங்க. வாசல்ல நில்லுங்க."

"என்ன சொல்றது?"

"எதுவும் சொல்ல வேண்டாம். அழுவா, இல்ல ஏசுவா. கேட்டுக்கிட்டு நில்லுங்க."

"மண்ணை வாரித் தூத்தினா?"

"வாங்கிக்கோங்க."

"வெளியவே வரலைன்னா?"

"அப்பவும் நில்லுங்க."

உலகநாதன் எழுந்து செருப்பை மாட்டினார். படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும் அம்மா?"

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவும் அவசரமா?"