குதிரை வாயை மூடிக்கொண்ட கதை

குதிரைகள் வாயை மூடாத அந்தக் காலத்தில், சீன தேசத்தின் வடக்கு எல்லையில் துவான் கெங் என்று ஒரு தளபதி இருந்தார். வாயை மூடாத என்று சும்மா சொல்லவில்லை. மற்ற மிருகங்களும் பேசின, ஆனால் தேவைக்குப் பேசின. பசித்தால் மாடு சொல்லும், திருடன் வந்தால் நாய் சொல்லும், அத்தோடு சரி. குதிரை அப்படியில்லை. காலையில் கண் விழித்ததும் தொடங்கினால், கனவில் கண்டது, நேற்றுத் தின்ற தானியத்தில் கல் கிடந்தது, பக்கத்துக் குதிரைக்கு முதுகில் புண் வந்தது என்று பொழுது சாயும்வரை ஓயாது. லாயத்துக்குள் நுழைந்தால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

வீட்டுக் குதிரை பேசினால் காதுதான் வலிக்கும். படைக் குதிரை பேசினால் தலையே போய்விடும். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் குதிரைகளும், அந்தப் பக்கம் புல்வெளி நாட்டாரிடம் இருந்த குதிரைகளும் ஒரே வம்சம். எதிரியை வளைத்துப் பிடிக்கலாம் என்று படை பதுங்கிப் பதுங்கி நகரும். அந்த நேரம் பார்த்து ஒரு குதிரை காற்றில் வாசனை பிடித்து, "யாரு, சித்தி மகனா? அங்கே புல்லு எப்படி இருக்கு?" என்று குரல் கொடுக்கும். அந்தப் பக்கமிருந்து பதில் வரும். பதிலுக்குப் பின்னாலேயே அம்பும் வரும். தாங்கள் செய்த தப்பு என்னவென்று குதிரைகளுக்குப் புரியவே புரியாது. மனிதர்களின் சண்டையில் அவற்றுக்கு என்ன பகை?

துவான் கெங்கின் தம்பி அப்படித்தான் ஒரு பள்ளத்தாக்கில் செத்தான். உடலை வண்டியில் ஏற்றி அம்மாவிடம் அனுப்பிவிட்டு, தளபதி ஆட்களை அழைத்து மூங்கில் வெட்டிவரச் சொன்னார். விரல் பருமனில் குச்சிகள் சீவப்பட்டன. இரண்டு முனையிலும் கயிறு. மனிதனுக்குப் பிடரியிலும் குதிரைக்குக் காதுக்குப் பின்னாலும் அந்தக் கயிற்றைக் கட்டினார்கள். படை புறப்பட்டதும் எல்லோரும் குச்சியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், போர்முரசு ஒலித்த பிறகுதான் துப்ப வேண்டும், அதற்கு முன் யார் குரல் எழுப்பினாலும் கழுத்து இருக்காது என்பது கட்டளை. தளபதியும் தன் வாயில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டார். கயிறு ஒன்றும் அவ்வளவு இறுக்கமில்லை. நினைத்தால் நாக்கால் தள்ளித் துப்பிவிடலாம். ஆனால் யாரும் துப்பவில்லை.

அதன் பிறகு துவான் கெங்குக்குத் தோல்வி என்பதே இல்லாமல் போயிற்று. அவருடைய படை பனியைப் போலச் சத்தமில்லாமல் வந்து இறங்கியது. அது செத்தவர்களின் படை என்று எதிரிகள் பேசிக்கொண்டார்கள். தன் வீரர்களின் நாக்கை அவரே அறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை கிளம்பியது. அதைக் கேட்டுத் தளபதி சிரித்தார், மறுக்கவில்லை. பேர் வாங்கிய மனிதர்களுக்குத் தங்களைப் பற்றிய பொய்கள் எப்போதுமே கொஞ்சம் இனிக்கும்.

அவர் ஏறிவந்தது ஹுய் என்ற சாம்பல் நிறப் பெண் குதிரை. பேச்சுக்குப் பேர்போன குதிரை இனத்திலும் அது பெரிய வாயாடி. எந்த மண் காலை உள்ளே இழுக்கும், எந்தத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும், எந்த அதிகாரி முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறான் என்று எல்லாவற்றையும் தளபதியிடம் ஒப்பித்துவிடும். சலித்துக்கொள்வார், ஆனால் சண்டை முடிந்ததும் அதன் வாய்க்குச்சியைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்பார். குட்டியிலிருந்து அதை வளர்த்தவன் பெங் லூ. தளபதியின் சொந்த ஊர்க்காரன். கஞ்சியை ஆற்றி, விரல் விட்டுச் சூடு பார்த்துத்தான் ஹுய்க்கு வைப்பான்.

ஒரு விடியற்காலையில் படை சதுப்பு நிலம் ஒன்றைக் கடந்தது. மூடுபனியில் முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. பெங் லூ ஹுய்க்குப் பக்கத்தில் நீண்ட கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி நடந்தான். ஓரிடத்தில் கழி முழுவதும் உள்ளே போய்விட்டது. மேலே பச்சைப் பாசி, அடியில் அடியில்லாத சேறு. ஹுய் அதில் வைக்கக் காலைத் தூக்கிவிட்டது. பெங் லூ குச்சியைத் துப்பினான்.

"நில்லுடி ஹுய்!"

ஹுய் நின்றது. தளபதி பிழைத்தார். அந்தச் சத்தம் எதிரியின் காதுக்கு எட்டக்கூட இல்லை, அன்றைக்கும் அவர்களுக்குத்தான் வெற்றி. சாயங்காலம் பெங் லூவின் கையைப் பின்னால் கட்டிப் பாசறைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மன்னிக்கும்படி அதிகாரிகள் எல்லோரும் மண்டியிட்டுக் கேட்டார்கள். தளபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹுய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றது.

"அவன் கத்தலேன்னா நான் சேத்துக்குள்ள போயிருப்பேன் ஐயா. நீங்களும் என்னோட போயிருப்பீங்க."

"தெரியும்," என்றார் தளபதி.

"தெரிஞ்சுமா?"

"நல்ல காரணத்துக்குக் கத்தினான்னு இன்னிக்கு இவனை விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சிடும். என் தம்பி செத்த மாதிரி எல்லாரும் சாவாங்க."

பெங் லூ உயிருக்குக் கெஞ்சவில்லை. தனக்குப் பிறகு வருகிறவன் ஹுய்க்கு ஆறிப்போன கஞ்சி வைத்துவிடக் கூடாது, அதற்கு வயிறு பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னான். பாசறைக்கு வெளியே கொண்டுபோய் வெட்டினார்கள். தளபதி அன்று சாப்பிடவில்லை, கூடாரத்துக்குள் போய் அழுதார் என்று சொல்வார்கள். அழுதிருக்கலாம். அந்தக் கண்ணீரால் பெங் லூவுக்கு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் அவர் வழக்கம்போல ஹுய்யின் எதிரில் போய் உட்கார்ந்தார். அது தானாக எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் ஆமாம், இல்லை என்றது. துக்கம்தானே, நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். லாயத்திலும் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. அது அவருக்கு வசதியாகத்தான் பட்டது.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் எல்லை நகரம் ஒன்றை எதிரிகள் முற்றுகையிட்டார்கள். கோட்டைக்குள் இருந்த ஜனங்கள் மரப்பட்டையை வேகவைத்துத் தின்பதாகச் செய்தி வந்தது. சீக்கிரம் போய்ச் சேர ஒரே வழி, ஆற்றங்கரையை ஒட்டிய மலை இடுக்கு. துவான் கெங் தயங்கவில்லை. மேலே எதிரி இருந்தால் அவனுடைய குதிரை ஒன்றாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார். இத்தனை வருடம் அவரிடம் தோற்றவர்கள் அவருடைய வித்தையைக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை.

மலை முகட்டில் எதிரிகளின் குதிரைகள் வாயில் மூங்கில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தன.

இடுக்குக்குள் நுழைந்ததுமே ஹுய்க்கு வாசனை வந்துவிட்டது. குதிரைகளின் வியர்வை, நாணில் தடவிய கொழுப்பு, நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஏராளமான மனிதர்களின் நெடி. அதன் நாக்கு குச்சியைப் பாதி தூரம் தள்ளியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. பெங் லூவைக் கொன்றவர் மேலிருந்த வஞ்சம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. வஞ்சம் வைத்த மிருகம் காதைப் பின்னால் மடக்கிக் காட்டாது. தரையை உதைக்காது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டாது. ஹுய் அத்தனையும் செய்தது. மூக்கால் பலமாக ஊதியது. வாயைத் தவிர, தன்னிடம் இருந்த எல்லாவற்றாலும் சொல்லிப் பார்த்தது. பாவம், களைத்துவிட்டது என்று எண்ணிய தளபதி அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, குதிகாலால் விலாவில் மெல்ல ஒரு குத்து விட்டார். ஹுய் நடந்தது.

பின்னால் வந்த குதிரைகளுக்கும் அந்த வாசனை எட்டியிருந்தது. பெங் லூவை வெட்டக் கொண்டுபோனதை அவையும் பார்த்திருந்தன. ஒவ்வொரு குதிரைக்கும் தெரியும், எந்தக் குதிரையும் பேசவில்லை. சாவு மேலே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தே அந்தப் படைக் குதிரைகள் எல்லாம் தங்கள் மனிதர்களைச் சுமந்துகொண்டு வரிசையாக உள்ளே போயின. இதைவிடக் கொடுமையான ஊர்வலம் உலகத்தில் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இடுக்கை மூடியிருந்த காலைப் பனி விலகியதும் அம்புகள் வந்தன. முரசுக்காரன்தான் முதலில் விழுந்தான். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் குச்சியைக் கடித்தபடியே செத்தார்கள்.

தளபதி ஆற்றோரத்துக் கற்களின் மேல் விழுந்து கிடந்தார். மார்பில் அம்பு. ஹுய்க்கும் விலாவில் காயம், ஆனாலும் அவரை விட்டுப் போகாமல் குனிந்து நின்றது. அவர் கையைத் தூக்கி, அதன் காதுக்குப் பின்னாலிருந்த முடிச்சை அவிழ்த்தார். ரத்தம் பட்டு விரல் வழுக்கியதால் அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஐயா."

"ஏன் சொல்லல?"

"முரசு அடிக்கலையே ஐயா."

 சிறிது நேரத்தில் தளபதியின் உயிர் போய்விட்டது. கோட்டையும் விழுந்தது. பிற்பாடு அந்த ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு கோயில் எழுப்பி, தோல்வியே அறியாத வீரர் என்று சிலைக்குக் கீழே செதுக்கி வைத்தார்கள். பெங் லூவின் பெயர் அங்கே எங்கும் கிடையாது. பிழைத்த குதிரைகள் புல்வெளி நாட்டுக்கும் சீன தேசத்துக்குமாகச் சிதறின. தாய்க் குதிரைகள் குட்டிகளுக்குப் பேச்சு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று முதல்தான் குதிரைக்குப் பேச்சு இல்லை. வழியில் ஆபத்து தெரிந்தால் காதை மடக்கும், தரையை உதைக்கும், மூக்கால் ஊதும். மேலே இருப்பவருக்குப் புரிந்தால் இருவரும் பிழைப்பார்கள். புரியாமல் அவர் விலாவில் ஒரு குத்து விட்டால், எல்லாம் தெரிந்தும் அது நடந்துபோகும்.