கூண்டில் நின்றவளுக்கு ஒரு வாய்தா

“இனி எதுக்கு மேடம் நான் சட்டம் படிக்கணும்?”

டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பத்தை நீட்டினாள் செண்பகவல்லி. மறு கையில் செல்போன்.

“நான் மண்டையை உடைச்சுப் படிச்சதையெல்லாம் இந்த ஏஐ கண்ணை மூடித் திறக்குமுன்ன சொல்லிருது. என் வாதத்தைவிட அழகா வேற.”

சட்டக் கல்லூரி முதல்வர் ஜமீலா மேடம் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார்.

“கையெழுத்துப் போடுதேன். அதுக்கு முன்ன கூண்டில ஏறு.”

மாணவர்கள் வாதாடிப் பழக, கூண்டும் நீதிபதி நாற்காலியுமாக அந்தக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் ஒன்று உண்டு. வகுப்பே அங்கே திரண்டுவிட்டது. மேடம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போறதுதான் போற, உன் மஞ்சக் குடையை எனக்குக் குடுத்துட்டுப் போடி,” என்றாள் முன் பெஞ்சு பேச்சியம்மாள்.

ஒரே சிரிப்பு.

“உனக்கு வக்கீல் யாரு?” என்று கேட்டார் மேடம்.

செண்பகவல்லி செல்போனை உயர்த்திக் காட்டினாள்.

“நீ ஏன் படிப்பை விடலாம்னு சொல்லச் சொல்லு.”

சொன்னது பாருங்கள்! சட்டமும் தீர்ப்பும் நியாயமுமாக, பிச்சிப்பூவைத் தொடுத்த மாதிரி ஒரு வாதம். சிரித்த வாயெல்லாம் திறந்தபடியே நின்றது.

“ஏன் விடக்கூடாதுன்னு சொல்லச் சொல்லு.”

அதையும் சொன்னது. அதே குரல், அதே அழகு. செண்பகவல்லி செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டுமே உண்மையாக அல்லவா இருக்கிறது!

“இதுல நான் எதைச் செய்ய?” அவளே செல்போனிடம் கேட்டாள்.

“முடிவு உங்களுடையது,” என்றது அது.

மேடம் பேனாவைத் திறந்தார்.

“அப்போ தீர்ப்பு எழுதிரலாம்.”

எத்தனையோ தடவை இந்தக் கூண்டுக்கு வெளியே நின்று வாதாடியிருக்கிறாள் செண்பகவல்லி. உள்ளே ஏறியது இன்றுதான். அம்மாடி, இங்கிருந்து பார்த்தால் நீதிபதி நாற்காலி எவ்வளவு உயரம்! கண் தன்னால் பெஞ்சுகளில் யாரையோ தேடியது.

பேச்சியம்மாள் எழுந்தாள்.

“மேடம், ஒரு நிமிஷம். அவ உதடு காஞ்சு கெடக்கு. தண்ணி குடிச்சிட்டு நிக்கட்டும்.”

அனுமதிக்குக் காத்திராமல் பாட்டிலோடு கூண்டருகே வந்துவிட்டாள்.

செண்பகவல்லிக்குப் பாட்டிலைத் திறக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. செல்போனைக் கூண்டுக் கட்டையில் வைத்துவிட்டுக் குடித்தாள்.

மேடம் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார்.

“கூண்டில நிக்கவளுக்கு வக்கீல் வந்தாச்சு. வாய்தா.”