பன்றியின் பின்னால் போன ஹவில்தார்

ஆவாரங்குளத்துக் காட்டில் ஒரு கோவேறு கழுதை இருந்தார். பெயர் ஹவில்தார் சங்கிலி. வெறும் சங்கிலி என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஹவில்தார் என்று சேர்த்துச் சொன்னால்தான் காது இரண்டும் நிமிரும்.

சிங்கராஜாவின் படையில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வடக்கு மலையில் ஓநாய்களோடு சண்டை நடந்தபோதெல்லாம், குரங்குப் படை எறிவதற்குக் கல்லும் குதிரைப் படை தின்பதற்குக் கொள்ளும் முதுகில் சுமந்து போனவர் அவர். ஓய்வு பெற்று வந்தபோது கழுத்தில் ஒரு பித்தளை மெடல் தொங்கியது. வாயில் முந்நூறு சண்டைக் கதைகள் இருந்தன. குளக்கரையில் அவர் "அன்னைக்கு எல்லையிலே..." என்று ஆரம்பித்தால் போதும், தாகம் தீராத விலங்குகள்கூட எழுந்து போய்விடும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. படையிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர், சிங்கராஜாவின் குகை வாசலில் வாட்ச்மேனாக நிற்க வேண்டும். போகிறவர்களுக்கு ஒரு சல்யூட், வருகிறவர்களுக்கு ஒரு சல்யூட். அவ்வளவுதான் வேலை. ஆள் கிடைக்காததால் மூன்று வருடமாக அங்கே நரிதான் தற்காலிகமாக நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கால் வீங்கிவிட்டது.

சங்கிலி வந்து சேர்ந்த மறுநாளே நரி ஓடி வந்தது.

"அண்ணாச்சி! இந்தாங்க வாசல் கம்பு! நாளையிலேருந்து நீங்கதான்!"

"முடியாது!" என்றார் சங்கிலி. "நான் பந்தயம் ஓடப் போறேன்!"

நரி விழுந்து விழுந்து சிரித்தது. சங்கிலிக்கு அப்போது இருபத்தாறு வயது. மற்ற விலங்குகள் அந்த வயதில் பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருக்கும். கோவேறு கழுதைக்குப் பிள்ளையே கிடையாது. அதனால் வேண்டாம் என்று தடுக்க வீட்டில் ஆளும் இல்லை.

அவர் சொன்னது குளத்தைச் சுற்றி மாதம் ஒருமுறை நடக்கும் பத்துச் சுற்றுப் பந்தயம். ஓடுவதற்கென்றே வளர்த்த குதிரைகளுக்கு அதில் இடமில்லை. ஏர் இழுப்பவர், மூட்டை சுமப்பவர், குப்பை கிளறுபவர் எல்லோரும் அன்றாட உடம்போடு வந்து ஓடலாம். இடிக்கலாம், உரசலாம். கடிக்க மட்டும் கூடாது. கரையில் இருந்த புளியமரத்தில் மரங்கொத்தி உட்கார்ந்து, முதலில் போகிறவர் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டும். பத்தாவது தட்டு யாருக்கு விழுகிறதோ அவர் ஜெயித்தார்.

வழக்கு சிங்கராஜாவிடம் போனது. சிங்கராஜா சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"ரெண்டு பந்தயம் தர்றேன்," என்று கொட்டாவி விட்டார். "ஒண்ணுலயாவது ஜெயி. இல்லேன்னா வாசல்ல வந்து நில்லு!"

மழையிலும் பனியிலும் நடந்த கால்கள் அவை. வாசலில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

பந்தயத்தில் அவருக்குத் துணையாக ஒரு காகம் சேர்ந்துகொண்டது. குளம்பில் முள் தைத்தால் அலகால் பிடுங்கிப் போடுவது அதன் வேலை. அறிவுரை சொல்வதை அது இலவசமாகச் செய்தது.

முதல் பந்தயத்தில் பன்னிரண்டு பேர் ஓடினார்கள். சென்ற வருடம் முழுக்க ஜெயித்த மயிலைக்காளை முன்னால் பாய்ந்தது. அதன் வாலுக்கு ஒரு சாண் பின்னால் சங்கிலி. காளை வேகமாகப் போனால் இவரும் வேகமாகப் போனார். காளை வளைந்தால் இவரும் வளைந்தார். எதிர்க்காற்றைக் காளையின் பெரிய உடம்பு வாங்கிக்கொண்டதால் இவருக்கு மூச்சே வாங்கவில்லை. காளைக்குத்தான் நாக்குத் தள்ளியது.

"முந்துங்க அண்ணாச்சி! முந்துங்க!" என்று காகம் தலைக்கு மேலே பறந்து கத்தியது.

சங்கிலி முந்தவில்லை. பத்தாவது தட்டு காளைக்கு விழுந்தது. இவர் அதே ஒரு சாண் தூரத்தில் இரண்டாவதாக வந்து, விறைப்பாக நின்று, காளைக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

காகத்துக்குத் தலை சுற்றியது. "உங்களுக்கு மூச்சே இரைக்கலையே! ஏன் முந்தலை?"

"கட்டளை இல்லை!" என்றார் சங்கிலி.

"எந்தக் கட்டளை?"

"கர்னல் வரையாடு போட்ட கட்டளை. முன்னால போறவன் வாலை விடாதே! முந்தாதே! மலைப்பாதை ஒரு கழுதை அகலம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். என் கூட்டாளி கொம்பையா ஒரே ஒரு நாள் முந்தினான்..." முந்நூறு கதைகளில் அவர் யாரிடமும் சொல்லாத கதை அது ஒன்றுதான்.

காகம் அவர் குளம்பில் தைத்திருந்த ஒரு முள்ளை அலகால் பிடுங்கிப் போட்டது.

பிறகு சொன்னது: "சரி. யாரையும் முந்த வேண்டாம். அடுத்த பந்தயத்தில் நீங்களே முதல்ல கிளம்பிருங்க. உங்களுக்கு முன்னால ஆளே இல்லேன்னா யார் வாலைப் பிடிப்பீக?"

"அட!" என்றார் சங்கிலி.

இதையெல்லாம் ஆவாரம்புதருக்குப் பின்னால் இருந்து நரி கேட்டுக்கொண்டிருந்தது. வீங்கிய காலை நக்கிக்கொண்டே சிரித்தது. குளம் வட்டமானது என்பதைக் காகம் மறந்துவிட்டது, நரி மறக்கவில்லை. நேராகப் பேச்சி என்ற பன்றியிடம் போனது.

"பேச்சி! அடுத்த பந்தயத்துல நீயும் ஓடு."

"நானா? எனக்கு நடந்தாலே இளைக்கும்!"

"நட, போதும். பின்னால கழுதை வந்தா அவருக்கு நேர் முன்னால போ. அவ்வளவுதான். ஒரு குவியல் சேனைக்கிழங்கு தாரேன். குகை வாசலுக்குப் பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சி மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது பந்தயத்தைப் பார்க்கக் காடே திரண்டு வந்தது. நரி வாசல் கம்பைப் பளபளவென்று துடைத்து, கையோடு கொண்டுவந்திருந்தது. பந்தயம் முடிந்ததும் சங்கிலியிடம் கொடுத்துவிட்டு நேரே தூங்கப் போவது அதன் திட்டம்.

கிளம்பச் சொல்லி மரங்கொத்தி மூன்று முறை தட்டியது. மூன்றாவது தட்டு காதில் விழுந்த கணமே சங்கிலி கிளம்பிவிட்டார். இருபத்திரண்டு வருடம் விடியற்காலை விசிலுக்கு எழுந்தவர் அவர்; மற்றவர்கள் தலையைச் சிலுப்பி முடிப்பதற்குள் இருபது முழம் போய்விட்டார்.

டொக்! முதல் சுற்று. முன்னால் யாரும் இல்லை. டொக்! இரண்டாவது சுற்று. கூட்டம் கூச்சல் போட்டது. மயிலைக்காளை வெகுதூரம் பின்னால் வந்தது. "பார்த்தீகளா!" என்று காகம் குட்டிக்கரணம் போட்டது.

மூன்றாவது சுற்றின் பாதியில் பேச்சி எதிர்ப்பட்டாள். அவள் இன்னும் இரண்டாவது சுற்றையே முடிக்கவில்லை. சுருண்ட வாலை ஆட்டிக்கொண்டு, தெருவில் உலாத்துகிற மாதிரி நடந்து போனாள். குளம்புச் சத்தம் கேட்டதும் நேராக நடுவழிக்கு வந்தாள்.

சங்கிலியின் கண்ணில் அந்த வால் பட்டது. அவ்வளவுதான்! கால்கள் தாமாக மெதுவாயின. பன்றியின் வாலுக்கு ஒரு சாண் பின்னால், தலை நிமிர்ந்து, இடது வலது, இடது வலது என்று நடக்க ஆரம்பித்தார்.

கரையில் சிரிப்பு வெடித்தது. குரங்குகள் மரத்திலிருந்து விழுந்தன. மயிலைக்காளை அவரைத் தாண்டிப் போகும்போது, "நல்லா நட பெரிசு! ராணுவமே பார்க்குது!" என்று கேலி செய்தது. மற்றவர்களும் தாண்டிப் போனார்கள். ஆமைகூடக் கரையிலிருந்து, "நானும் பேர் கொடுத்திருக்கலாமே," என்றது.

சங்கிலிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கால் அந்த வாலைத் தாண்டவில்லை.

அரைச் சுற்று இப்படியே போனது. பேச்சிக்குத்தான் முதலில் பொறுமை போனது. வாலில் சூடாக யாரோ மூச்சு விட்டுக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"ஓய்! என்னத்துக்கு என் வாலையே மோந்துக்கிட்டு வாரீரு? தாண்டிப் போமய்யா!"

"முன்னால போறவங்களை முந்தக் கூடாது. கட்டளை!"

"யாரு போட்டது?"

"கர்னல் வரையாடு!"

"அவரு எங்க இருக்காரு?"

சங்கிலி சற்று யோசித்தார். "போன வருஷம் ஓய்வு வாங்கிட்டார். தெற்குத் தோப்புல கொய்யா இலை மேஞ்சுக்கிட்டு இருக்கார்."

பேச்சி நின்றே விட்டாள். "போட்டவரே கொய்யா இலை திங்கப் போயிட்டாரு. அவரு போட்ட கட்டளை மட்டும் இன்னும் டூட்டி பார்க்குதாக்கும்?"

சங்கிலியும் அதே ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

"நான் கிழங்குக்கு நடக்கேன். நரி தாரேன்னு சொல்லியிருக்கான். நீரு என்னத்துக்குய்யா என் பின்னால நடக்கீரு? சரி, முந்தினாத்தான் என்ன ஆயிரும்?"

"பாதாளத்துல விழுந்துருவேன்."

"எந்தப் பாதாளம்?"

சங்கிலி இடது பக்கம் பார்த்தார். முழங்கால் ஆழத்தில் குளத்துத் தண்ணீர். வலது பக்கம் பார்த்தார். அருகம்புல்லும் நாலு தட்டான்பூச்சியும். இத்தனை நாளாக இந்தக் கரையில் தண்ணீர் குடித்திருக்கிறார். இன்றுதான் அதைப் பார்த்தார்.

"கொம்பையா, இங்கே பள்ளமே இல்லடா!" என்று உரக்கச் சொன்னார். அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பேச்சியின் வாலைத் தாண்டினார். வயிற்றைத் தாண்டினார். காதைத் தாண்டினார். மூக்கையும் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை! ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வழி நீளமாகக் கிடந்தது.

அப்புறம் என்ன! ஹவில்தார் சங்கிலி ஓடிய ஓட்டத்தில் மெடல் பறந்து காதில் மாட்டிக்கொண்டது. எருமையை முந்தினார். ஆட்டுக்கடாவை முந்தினார். ஒவ்வொருவரையும் முந்தும்போது "முந்திட்டேன்!" என்று கத்தினார். தேவையே இல்லாமல் கரையில் நின்ற ஒரு கொக்கையும் முந்தினார்.

மயிலைக்காளையோ ஜெயித்தாயிற்று என்ற நினைப்பில், பசுக்கள் நின்ற இடத்திலெல்லாம் நடையைக் குறைத்துக் கொம்பை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது தட்டு விழுந்தபோது வாலில் சூடாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தது. ஒரு சாண் தூரத்தில் சங்கிலி!

காளைக்குச் சிரிப்பு வந்தது. "வந்துட்டியா பெரிசு? அப்படியே பின்னாலேயே வா! அதுதானே உன் இடம்!"

சங்கிலி பின்னாலேயேதான் வந்தார். எதிர்க்காற்று முழுவதையும் காளையின் மேல் விட்டுவிட்டு, அரைச் சுற்றுக்குச் சுகமாக வந்தார். காளைக்கு நாக்குத் தள்ளியது. புளியமரம் கண்ணுக்குத் தெரிந்ததும் சங்கிலி ஒரு பக்கமாக விலகினார்.

"ஓரமா போ தம்பி! சுமை வண்டி வருது!"

காளை பதறிப்போய் முட்ட வந்தது. மூட்டை சுமந்தே தடித்துப்போன தோளால் சங்கிலி ஒரே ஒரு இடி கொடுத்தார். மயிலைக்காளை அல்லிக்கொடிக்கு நடுவில் போய் உட்கார்ந்தது.

டொக்! பத்தாவது தட்டு.

காடே கத்தியது. ஆனால் சங்கிலி நிற்கவில்லை. இன்னும் ஓடிக்கொண்டே இருந்தார். "ஜெயிச்சாச்சு! நில்லுங்க!" என்று காகம் விரட்டிக்கொண்டு போனது.

"நில்லுன்னு யாராவது கட்டளை போடணுமே!" என்றார் சங்கிலி பழக்கத்தில். சொன்ன மறுகணமே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹவில்தார் சங்கிலி, நில்!" என்று தனக்குத்தானே ஒரு சத்தம் போட்டார். நின்றார்.

வாசல் கம்பு நரியின் கையிலேயே தங்கிவிட்டது. அன்று மாலை சிங்கராஜாவுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நரி அசையாமல் விறைத்து நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தபோது பேச்சி வந்தாள்.

"கிழங்கு எங்கே?"

"நீ அவரை விட்டுட்டியே! கிழங்கு கிடையாது!" என்று நரி உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தது.

"நடக்கச் சொன்னே, நடந்தேன். வாயைக் கட்டச் சொன்னியா?" என்று சொல்லிவிட்டு, பேச்சி வாசல் ஓரம் மூக்கால் தோண்டினாள். நரியின் கண் முன்னாலேயே ஒவ்வொரு கிழங்காக எடுத்துத் தின்றாள். டூட்டியில் இருந்த நரியால் ஓர் அடிகூட நகர முடியவில்லை. அந்த வழியாகச் சங்கிலி போனார். நரி வழக்கப்படி அவருக்கும் ஒரு சல்யூட் அடித்தது.

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே: காரணம் தீர்ந்துபோன கட்டளையை இன்னும் சுமந்து திரிகிறவர், எவ்வளவு வேகமான கால் இருந்தாலும் கடைசியில் ஒரு பன்றியின் வாலுக்குப் பின்னால்தான் நடப்பார்.