தானா நடக்கும்னு சொன்ன உப்பு ராசா

ஒரு கடலோரத்துல, காக்கா கூட நிழல் தேடி அலையிற ஒரு ஊர்ல, முப்பிடாதின்னு ஒருத்தி இருந்தாளாம். உப்பளத்துல உப்பு வாருறவ. புருசன் செத்துப் போனான். ஒரே மக, பேரு செல்லக்கனி. அந்த நாட்டுக்கு உப்புச்சீமைன்னு பேரு. அங்க உப்பு உண்டு, மீன் உண்டு, வெயில் வேணும்ங்கிற மட்டும் உண்டு. நெல்லு மட்டும் ஒரு மணி விளையாது.

அப்போ சோத்துக்கு என்ன பண்ணாங்கன்னு கேக்கணும்ல? கேளுங்க. உப்புச்சீமையையும் சேத்து ஏழு நாடும் ஒரு கூட்டு வச்சிருந்துச்சு. ஒரு நாட்டுல நெல்லு, ஒரு நாட்டுல பருத்தி, ஒரு நாட்டுல வெல்லம், இப்படி. நடுவுல வேலி கிடையாது, வாசல் கிடையாது, நீ யாரு எங்க போறேன்னு கேக்க ஆளு கிடையாது. உப்பு வண்டி அந்தப் பக்கம் போகும், நெல்லு வண்டி இந்தப் பக்கம் வரும். பொண்ணு குடுப்பாங்க, பொண்ணு எடுப்பாங்க. முப்பிடாதியும் மகள நெல்லுச்சீமையில வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரி வீட்டுல கட்டிக் குடுத்தா. "அம்மா, அங்க மூணு வேளையும் சோறும்மா"ன்னு அவ வந்து சொல்லும்போதெல்லாம் இவளுக்குத் திங்காமலே வயிறு நெறஞ்சு போகும்.

நெல்லுச்சீமைக்கும் உப்புச்சீமைக்கும் நடுவுல ஒரு பொட்டல். அதுல ஒத்தப் புளியமரம். அந்த இடம் யாருக்கும் சொந்தமில்ல, ஏழு பேருக்கும் பொது. வருசத்துக்கு ஒரு தடவ ஏழு ராசாவும் அங்க கூடி, ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்து, ஒரே பானையில கூட்டாஞ்சோறு பொங்கித் திம்பாங்களாம். ஒரு வருசம் என்னாச்சுன்னா, இலை போட்டவன் உப்பு ராசாவுக்குக் கடைசியில போட்டுட்டான். அவ்வளவுதான். ராசாவுக்கு மூக்கு மேல கோவம்.

"என் உப்பு இல்லாட்டி இந்தச் சோத்த நாயி மோந்து பாக்குமா? எனக்கா கடைசி இலை? இன்னையிலருந்து உப்புச்சீமை தனி!"ன்னு எந்திரிச்சுட்டான்.

நெல்லு ராசா கொஞ்சம் வயசானவரு. "போறதுன்னா போப்பா, உன் இஷ்டம். ஆனா பேசி ஒரு ஒப்பந்தம் போட்டுட்டுப் போ. நாளைக்கு நெல்லு வண்டி எப்படி வரும்?"னு கேட்டாரு.

"அதெல்லாம் தானா நடக்கும்"னான் உப்பு ராசா.

"உன் உப்பு எப்படிப் போகும்?"

"அதெல்லாம் தானா நடக்கும்."

"பொண்ணு குடுத்து எடுத்திருக்கோமே, அந்த சனம் எப்படிப் போயி எப்படி வரும்?"

"அதெல்லாம் தானா நடக்கும்யா! உப்பில்லாம ஒரு வாரம் தின்னு பாருங்க, நீங்களே ஓடி வருவீங்க"ன்னு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டானாம்.

ஊருக்குள்ள தமுக்கு அடிச்சாங்க. நாம தனி, நம்ம உப்பு நமக்குன்னு சனமெல்லாம் கூத்தாடுச்சு. முப்பிடாதியும் நின்னு குலவை போட்டா. பொய் எதுக்குச் சொல்லணும், அவளுந்தான் போட்டா. மக எந்தப் பக்கம் இருக்கான்னு அந்த நேரத்துல யாருக்கு நெனப்பு வருது?

அப்புறம் ராசா ஒரு வாசல் கட்டினான். ரெண்டு உத்தரவு போட்டான். ஒப்பந்தம் ஆகுற வரைக்கும் இங்கருந்து ஒரு பிடி உப்பு வெளிய போகக்கூடாது. வெளியருந்து ஒரு ஆளு உள்ள வரக்கூடாது. அவனுக்கு ரோசம் இருந்தா அவங்களுக்கு இருக்காதா? நெல்லுச்சீமையிலயும் ஒரு வாசல் கட்டி, வெளி ஆளு உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. வெளிய போறவங்களத் தடுக்கச் சொல்லி மட்டும் ரெண்டு பக்கமும் யாரும் சொல்லல. அத யாரும் நெனச்சே பாக்கல.

இப்போ செல்லக்கனி வாயும் வயிறுமா இருக்கா. தலைப்பிரசவம் ஆத்தா வீட்டுலதானே? வளைகாப்பு போட்டு அவ புருசன் வண்டியில கூட்டிக்கிட்டு வந்தான். வண்டிய வெளிய விட்டா திரும்ப உள்ள விடமாட்டோம்னு நெல்லுச்சீமை வாசல்ல சொல்லிட்டாங்க. வீட்டுல அவனுக்குக் கண்ணு தெரியாத ஆத்தா. "அந்தா தெரியுது உங்க ஊரு வாசல். சொந்த ஊருக்காரிய விடாமலா போவாங்க?"ன்னு அவள எறக்கி விட்டான். கொஞ்ச தூரம் நடக்குற வரைக்கும் பாத்தான். போயிச் சேந்திருவான்னு நம்பி வண்டியத் திருப்பிட்டான்.

உப்புச்சீமை வாசல்ல காவலுக்கு நின்னவன் மாசானம். அதே தெருக்காரன், செல்லக்கனி கூட ஓடிப்பிடிச்சு விளையாண்ட பய. "மாசானம், தொறடா, இடுப்பு வலிக்குது"ன்னா. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "உத்தரவு வரல செல்லக்கனி. நான் என்ன செய்வேன்?"னான். அவ திரும்பி நெல்லுச்சீமை வாசலுக்கு நடந்தா. "வெளிய போயிட்டியே தாயி, இனி உத்தரவு வந்தாத்தான்"னு அவங்களும் சொல்லிட்டாங்க. அவங்களும் கெட்டவங்க இல்ல, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. அவ நடுப்பொட்டலுக்கு வந்து அந்தப் புளியமரத்தடியில உக்காந்துட்டா.

மாசானம் ஆள் விட்டு முப்பிடாதிக்குச் சொன்னான். உப்பு வாருற பலகைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தா. வாசக் கம்பிக்கு அந்தப் பக்கம், பாத்தா தெரியுற தூரத்துல, மக வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

"மாசானம், அவள உள்ள விடுய்யா."

"உத்தரவு வரலயேக்கா. மந்திரியப் போயிக் கேளு."

மந்திரிகிட்ட ஓடினா. அவன் வெத்தல மென்னுக்கிட்டே, "அந்த ஊர்ல கட்டிக் குடுத்தா அவ அந்த ஊர்க்காரி. ஒப்பந்தம் ஆகட்டும், பாப்போம். வேணும்னா ராசாவப் போயிக் கேளு"ன்னான்.

ராசாகிட்ட ஓடினா. காலுல விழுந்தா. "மவராசா, ஒரு பிள்ளத்தாச்சி. ஒரு தடவ வாசலத் தொறக்கச் சொல்லுங்க."

"தொறந்தா நாம எறங்கிப் போன மாதிரி ஆயிராதா? அவங்க இன்னைக்கோ நாளைக்கோ வந்துருவாங்க. பொறுத்துக்கோ."

"பிள்ளப்பேறு பொறுக்காதே மவராசா!"

"பிள்ளப்பேறுதானே? அதெல்லாம் தானா நடக்கும், போ."

கேட்டீங்களா பேச்ச? வயித்துல நெருப்ப வச்சுக்கிட்டு வந்தவகிட்டப் பேசுற பேச்சா அது!

மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினா. "வெளிய வந்தா திரும்பி வர முடியுமாடி? எனக்குச் சின்னச் சின்னப் பிள்ளைக இருக்கே"ன்னு அவ அழுதா. அழுதுக்கிட்டே கத்தியும் நூலும் எடுத்துக் குடுத்தா. முப்பிடாதி அத மடியில கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தா.

"யக்கா, வெளிய போனா உன்னையும் உள்ள விட முடியாது."

"தெரியும்யா. தொற."

அவ போயிச் சேரும்போது உச்சி வெயிலு. பிள்ள தல திரும்பாம நின்னுபோச்சு. இவளுக்கு உப்பு வாரத் தெரியும், பிள்ள வாங்கத் தெரியுமா? தெரிஞ்ச மட்டும் பாத்தா, தெரியாததையும் பாத்தா. பொழுது சாய ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு, அழுதுச்சு. ஆனா செல்லக்கனிக்கு ரத்தம் நிக்கல. ஆத்தா மடியில தல வச்சுக்கிட்டு, "அம்மா, நம்ம வீட்டுக்கு வந்துட்டமா?"ன்னு கேட்டா.

முப்பிடாதி நிமிந்து பாத்தா. வாசலுக்கு அந்தப் பக்கம் அவ வீட்டுக் கூரை தெரியுது.

"வந்துட்டோம் தாயி. வீட்டுலதான் இருக்கோம், தூங்கு"ன்னா.

அவ தூங்கிட்டா. அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

மரத்தடியிலயே குழி தோண்டினா. வழக்கப்படி குழியில போட உப்பு வேணும்ல? வாசலுக்குப் போயி, "ஒரு பிடி உப்பு குடு மாசானம்"னா. அவனுக்குப் பின்னால மல மலையா அம்பாரம் குமிஞ்சு கெடக்கு. வெளிய ஒரு பிடி போனாலும் மாசானத்துக்குத் தல போயிரும். அவன் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதான். உப்புல பொறந்து உப்புல வளந்த பிள்ள உப்பில்லாமலே மண்ணுக்குள்ள போச்சு.

பேரப்பிள்ளய அப்பன்காரன்கிட்டயாவது குடுப்போம்னு நெல்லுச்சீமை வாசலுக்குப் போனா. "பிள்ள வெளியருந்துல்ல வருது"ன்னு சொல்லிட்டாங்க. அப்பன்காரன் சேதி கேட்டு ஓடி வந்து, வாசல்ல முட்டி முட்டி அழுதுட்டு, அரிசிய மட்டும் வெளிய தள்ளி விட்டான். அவ புளியமரத்தடியில ஓலை சாச்சு, ராசாக்க விட்டுட்டுப் போன கூட்டாஞ்சோத்துப் பானையில கஞ்சி காச்சி, மேய வந்த வெள்ளாட்டுல பால் கறந்து, அந்தப் பிள்ளய வளத்தா. ரெண்டு வாசலையும் பாத்துக்கிட்டே வளத்தா.

உப்பில்லாம ஓடி வருவாங்கன்னு ராசா காத்திருந்தான். ஒருத்தரும் வரல. ஆறு நாடும் வேற கடக்கரையில உப்பு வாங்கிக்கிச்சு. இங்க உப்பு குமிஞ்சுது, குமிஞ்சுது, குமிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஐப்பசி மழை வந்துச்சு, அம்புட்டும் கரைஞ்சு கடலுக்கே போச்சு. நெல்லு இல்ல, பானை காஞ்சுது. சனம் அரமண முன்னால வந்து பேசாம உக்காந்துருச்சு. அது பேசாம உக்காந்தத ராசாவால தாங்க முடியல. நானே போயி ஒப்பந்தம் பேசுறேன்னு பல்லக்குல ஏறினான்.

வாசல் வந்ததும் தூக்கினவங்க பல்லக்கக் கீழ வச்சுட்டாங்க. "மவராசா, வெளிய போனா உள்ள வர உத்தரவு இல்ல. எங்களுக்குப் பிள்ளகுட்டி இருக்கு"ன்னாங்க. ராசா தனியா நடந்தான். நெல்லுச்சீமை வாசல்ல தட்டினான். "வெளி ஆளு யாரையும் விட உத்தரவு இல்லய்யா. ஆறு ராசாவும் கூடிப் பேசணும், சொல்லி அனுப்புறோம், இரும்"னாங்க. திரும்பித் தன் வாசலுக்கு வந்தான்.

"மாசானம், நான் ராசாடா, தொற!"

"உங்க உத்தரவுதான் மவராசா. வெளியருந்து யாரையும் விடக்கூடாது."

"அந்த உத்தரவ மாத்துறேன், தொற!"

மாசானம் மந்திரிகிட்டக் கேட்டுட்டு வந்தான். மந்திரிக்கு அதுக்குள்ள சிம்மாசனம் பழகிப் போச்சு. "ராசா போட்ட உத்தரவ ராசாதான் மாத்தணுமாம். ராசா இப்போ நாட்டுல இல்லையாம்"னான் மாசானம்.

பசி காத அடைக்க, ராசா புளியமரத்தடிக்கு வந்தான். ஒரு பொம்பள ஒரு பிள்ளய இடுப்புல வச்சுக்கிட்டுக் கஞ்சி கிண்டிக்கிட்டு இருக்கா. பக்கத்துல ஒரு மண்ணு மேடு. அவனுக்கு அவள அடையாளம் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுது. தேங்கா செரட்டையில கஞ்சி ஊத்திக் குடுத்தா.

ஒரு வாய் குடிச்சான், தொண்டையில எறங்கல. "ஒரு கல்லு உப்பு இல்லையாம்மா?"ன்னு கேட்டான்.

முப்பிடாதி அந்த மண்ணு மேட்டப் பாத்தா. அப்புறம், "அதெல்லாம் தானா வரும் மவராசா, குடிங்க"ன்னா.

அப்பத்தான் அவனுக்கு அவ யாருன்னு தெரிஞ்சுது. அவன் பிள்ளயப் பாத்தான், மேட்டப் பாத்தான். கண்ணுலருந்து வழிஞ்சு வழிஞ்சு செரட்டைக்குள்ள விழுந்துச்சு. அடுத்த வாய் குடிச்சப்போ கஞ்சி உப்புக் கரிச்சுதாம்.

அப்புறம் ஆறு ராசாவும் வந்தாங்க, மரத்தடியில உக்காந்து பேசினாங்க, ரெண்டு வாசலையும் பிடுங்கிப் போட்டாங்க. பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? அந்தப் பானையில ஒல கொதிச்சு அரிசி வேகுற நேரம். அந்தப் பேச்ச அன்னைக்கே பேசியிருந்தா செல்லக்கனி ஆத்தா வீட்டுல பிள்ள பெத்திருப்பா. முப்பிடாதி பேரன எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனா. அன்னையிலருந்து எதுக்கும் அவ குலவை போடலையாம்.

பானையும் கழுவியாச்சு, அடுப்பும் அணைஞ்சாச்சு, கதையும் வீடு போயிச் சேந்தாச்சு. போறவங்க சொல்லிட்டுப் போங்க, பேசிட்டுப் போங்க.